மூன்றாம் நிரல்

கச்சான் காற்றை இங்கே யாருக்கும் பிடிக்காது.
உதடு வெடிக்கும், கிணறு கீழே போகும்,
கொடியில் போட்ட சட்டை அரைமணியில் மொரமொரக்கும்.
எனக்கு அது வீசினால்தான் வேலை.
ஈரப்பதம் ஐம்பதுக்குக் கீழே இறங்கும் மதியங்களில்
வந்தாறுமூலையில் ஜன்னலைச் சாத்திவிட்டு
கண்ணாடித் துண்டில் ஒரு துளி விடுகிறேன்.
கரைசலில் செம்மஞ்சள். காய்ந்தால் ஊதா.

சுழற்றுவது பழைய கணினியொன்றின் வன்தட்டு மோட்டார்,
அழகுதுரை கழற்றிப் பூட்டியது.
நிமிடத்துக்கு ஆயிரத்தைந்நூறு சுற்று.
துளி மெலிந்து படலமாகிறது:
தலைமயிர் ஒன்றை ஆயிரம் ஏடாய்ச் சீவினால்
அதில் ஓர் ஏட்டின் தடிப்பு.

வெளிச்சம் விழுந்ததும் ஓர் இலத்திரன் எழும்பும்.
அது விட்டுவந்த துளையும் கூடவே எழும்பும்.
ஒன்றையொன்று பிடித்தபடி
பத்து நனோமீற்றர் தூரம் அலையும்.
அதற்குள் ஓர் எல்லை வரவேண்டும்,
அந்தப் பக்கம் வேறொரு மூலக்கூறு கை நீட்டவேண்டும்.
இல்லையேல் விழுந்து சேர்ந்து
வாங்கிய வெளிச்சத்தைச் சிவப்பாய்த் திருப்பிக் கொடுத்துவிடும்.

பிரிவைப் பற்றி இந்த மொழியில் நிறையவே எழுதியாயிற்று.
எனக்கு வேண்டியது அதன் வீதம்.
நூற்றில் எத்தனை.

ஹிஷாமா ஏறாவூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள்.
போன கிழமை, கலப்பில்லாத படலத்தில்
பச்சை லேசரை விழுத்தி, வடிகட்டிக் கண்ணாடியால் பார்த்து
"வடிவா மின்னுது மிஸ்" என்றாள்.
வடிவுதான்.
மின்னினால் ஒன்றும் பிரியவில்லை என்று கணக்கு.

இன்று ஃபுலரீன் கலந்தது.
நிறமாலைமானித் திரையில்
மேடு இருந்த இடத்தில் ஏறக்குறைய தரை.
தொண்ணூற்று மூன்று வீதம் அணைந்திருந்தது.
ஹிஷாமா கைதட்டினாள், நானும்.
இருட்டுக்குக் கைதட்டுகிறவர்கள் நாங்கள்.

பிறகு மின்வாய்களைக் கவ்வி
ஹலஜன் விளக்கின் கீழே மின்னோட்டம் அளந்தோம்.
நூறு இணை எழும்பினால்
ஏழு எல்லையை எட்டவில்லை.
பன்னிரண்டு கம்பிவழி வந்து சேர்ந்தன.
மீதி எண்பத்தொன்று?

கொப்பியில் கோடு போட்டேன்.
முதல் நிரல், எழும்பியவை.
இரண்டாம் நிரல், வந்து சேர்ந்தவை.
மூன்றாவதின் தலையில் யோசிக்காமல் எழுதினேன்:
காணாமற்போனவை.

அழகுதுரை என் தோளுக்குப் பின்னால் நின்று
வாசித்திருக்கிறார்.
திருப்புளியை மேசையில் வைத்தார். எடுத்தார். வைத்தார்.
"தேத்தண்ணி வாங்கிற்று வாறன்" என்று வெளியே போனார்.
பிளாஸ்க் நிறையத் தேத்தண்ணி இருந்தது.

இந்த வளாகத்தில், அந்தச் சொல்லை,
அவர் நிற்கிற இடத்தில்.
வோல்ற்றை மூன்றாம் தசமம்வரை அளப்பவள் நான்.

அடித்தேன். எழுத்து தெரியாதபடி மறுபடியும் அடித்தேன்.
மேலே இடமில்லாமல் ஓரத்தில் எழுதினேன்:
இன்னும் அளக்கப்படாதவை.
அதுதான் சரியும்கூட. எங்கும் போய்விடவில்லை அவை.
எல்லையில் பாதி பிரிந்து, பாதி இழுபட்டு
சில நின்றிருக்கும். சில ஏதோவொரு குழியில் சிக்கியிருக்கும்.
சில திரும்பிச் சேர்ந்திருக்கும், சத்தமில்லாமல், சூடாக.
அந்தக் கணத்தைப் படம்பிடிக்கும் லேசர் எங்களிடம் இல்லை.
அதை வைத்திருக்கும் ஊருக்கு அனுப்பினால்
படலம் வழியிலேயே ஈரம் குடித்துவிடும்.

ஆனால் இழுத்துப் பார்க்கலாம்.
எதிர்த்திசையில் அழுத்தம் கொடுத்தால்
நிற்பவற்றில் எத்தனை அசைந்துவரும் என்று.
ஒரு வோல்ற்: பதினாறு.
இரண்டு: இருபத்திரண்டு.
ஹிஷாமா இலக்கங்களைச் சொல்லச் சொல்ல
நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

அழகுதுரை வந்தார். கையில் தேத்தண்ணி இல்லை.
கொப்பியைக் குனிந்து பார்த்தார்,
ஓரத்தில் இருந்ததையும்,
மை மொத்தித்த இடத்தையும்.

"இன்னும் ஒரு வோல்ற் கூட்டிப் பாருங்க."

கூட்டினால் படலம் எரிந்தும் போகலாம்.
வெளியே கச்சான் கதவை அடித்துக்கொண்டிருக்கிறது.
எரிந்தால் வேறொன்று ஊற்றலாம்.